பூட்டானில் இருந்து வந்த ‘சீப்’ லேண்ட் க்ரூஸர்: ஆர்.சி புக் கையில் இருந்தும் கார் ஏன் பறிபோகிறது?

‘டொயோட்டா பிராடோ, ஹிமாச்சல் ரெஜிஸ்ட்ரேஷன், என்ஓசி ரெடி, 15 லட்சம் மட்டும். சீரியஸ் பையர்ஸ் கால் பண்ணுங்க.’

பழைய எஸ்யூவிகள் மீது கொஞ்சம் ஆசை இருந்து, இன்ஸ்டாகிராமில் அதையே தேடிப் பார்ப்பவர் என்றால், இந்த மாதிரி ஒரு ரீலை நீங்களும் நிறுத்திப் பார்த்திருப்பீர்கள். புதுசா வாங்கினால் கோடியைத் தாண்டும் வண்டிகளின் பழைய மாடல், ஒரு நல்ல ஹேட்ச்பேக் விலைக்கு. ஆர்.சி இருக்கு, இன்சூரன்ஸ் இருக்கு, ஆப்பில் நம்பர் போட்டால் விவரமும் வருது. அப்புறம் என்ன பிரச்சினை?

பிரச்சினை அந்த ஆர்.சி-க்கு முந்தைய கதையில் இருக்கலாம். 2025 செப்டம்பரில் கேரளாவில் சுங்கத் துறை நடத்திய ஒரு சோதனை, அந்தக் கதையைத்தான் வெளியே கொண்டுவந்தது. அதில் கோயம்புத்தூர் பெயரும் அடிபட்டதால் தமிழ்நாட்டில் கார் வாங்குபவர்களும் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

சுருக்கமாக

- பயன்படுத்திய காரை இந்தியாவுக்கு இறக்குமதி செய்யலாம். ஆனால் 3 ஆண்டுகளுக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. மும்பை துறைமுகம் வழியாக மட்டுமே வர வேண்டும். பூட்டானில் இருந்து சாலை வழியாக ஓட்டி வந்து பதிவு செய்ய வழியில்லை.
- வரி மட்டுமே காரின் மதிப்பைப்போல இரண்டு மடங்குக்கு மேல் வரும்.
- முறைகேடாக வந்த கார் எத்தனை கை மாறினாலும், அதைக் கைப்பற்றும் அதிகாரம் சுங்கத் துறைக்கு உண்டு.
- ஆர்.சி மட்டும் பார்த்து வாங்கினால் போதாது. ‘பில் ஆஃப் என்ட்ரி’ கேளுங்கள்.

என்ன நடந்தது?

2025 செப்டம்பர் 23 அன்று கொச்சி சுங்கத் தடுப்புப் பிரிவு கேரளா முழுக்க ஒரே நேரத்தில் சோதனை நடத்தியது. பெயர் ‘ஆபரேஷன் நும்கோர்’. பூட்டானின் ஜோங்கா மொழியில் நும்கோர் என்றால் வாகனம். முதல் நாளிலேயே 36 வாகனங்கள் கைப்பற்றப்பட்டன. பிரபல நடிகர்கள், தொழிலதிபர்கள் வீடுகளிலும் சோதனை நடந்ததால், செய்தி ‘சினிமா நியூஸ்’ ஆகவே பரவியது.

ஆனால் சுங்கத் துறை சொன்ன குற்றச்சாட்டு அதைவிடப் பெரியது. பூட்டானில் பதிவான பழைய எஸ்யூவிகளைக் குறைந்த விலைக்கு வாங்குகிறார்கள். வரி கட்டாமல் எல்லை தாண்டிக் கொண்டு வருகிறார்கள். இந்திய ராணுவம், வெளியுறவு அமைச்சகம், அமெரிக்கத் தூதரகம் ஆகியவற்றின் பெயரில் போலி ஆவணங்கள் தயாரிக்கிறார்கள். ஹிமாச்சல், அருணாசலம் போன்ற மாநிலங்களில் பதிவு செய்கிறார்கள். பிறகு தென்னிந்தியாவில் விற்கிறார்கள். கேரளாவில் மட்டும் 150 முதல் 200 வண்டிகள் இப்படி ஓடுவதாக அதிகாரிகள் அப்போது மதிப்பிட்டார்கள்.

அடுத்து அக்டோபர் 8 அன்று அமலாக்கத் துறை கேரளாவிலும் தமிழ்நாட்டிலுமாக 17 இடங்களில் சோதனை நடத்தியது. அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின் கீழ் நடந்த அந்த விசாரணையில், கோயம்புத்தூரை மையமாகக் கொண்ட ஒரு வலைப்பின்னல் இதில் இருப்பதாக அமலாக்கத் துறை கூறியது.

இதெல்லாம் விசாரணை அமைப்புகளின் குற்றச்சாட்டு என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கார் கைப்பற்றப்பட்டதாலேயே அதன் உரிமையாளர் கடத்தலில் ஈடுபட்டார் என்று அர்த்தம் இல்லை. நடிகர் துல்கர் சல்மான் தனது லேண்ட் ரோவர் டிஃபெண்டரைத் திருப்பித் தரக் கோரி கேரள உயர் நீதிமன்றம் போனபோது, முறையான ஆவணங்களைப் பார்த்து நம்பித்தான் வாங்கினேன் என்பதே அவரது வாதம். தற்காலிகமாக விடுவிக்கும் கோரிக்கையைச் சுங்கத் துறை பரிசீலிக்க வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிட்டது.

அவருக்கு வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள், மாற்றுக் கார்களும் இருக்கும். 15 லட்சத்தை பெர்சனல் லோன் போட்டுக் கொடுத்தவருக்கு?

ஏன் பூட்டான்?

மூன்று காரணங்கள் சொல்லலாம்.

முதலாவது, ஸ்டியரிங். பூட்டானிலும் நம்மைப்போலவே சாலையின் இடப்பக்கம்தான் ஓட்டுவார்கள். அதனால் ஸ்டியரிங் வலப்பக்கம். துபாயில் இருந்து வரும் காரை இந்தியாவில் பதிவு செய்ய முடியாததற்கு முதல் காரணமே அங்கே ஸ்டியரிங் இடப்பக்கம் இருப்பதுதான். பூட்டான் வண்டிக்கு அந்தத் தொல்லை இல்லை.

இரண்டாவது, எல்லை. மேற்கு வங்கத்தின் ஜெய்கானும் பூட்டானின் புன்ஷோலிங்கும் ஒட்டியபடி இருக்கும் ஊர்கள். நடுவில் ஒரு நுழைவாயில், அவ்வளவுதான். ‘பிபி’ என்று தொடங்கும் பூட்டான் தனியார் வண்டிகள் இந்தப் பக்கம் வருவதும் போவதும் அங்கே அன்றாடக் காட்சி. சரக்கு வாங்க வந்த வண்டி எது, திரும்பிப் போகாத வண்டி எது என்று பிரிப்பது சுலபமில்லை.

மூன்றாவது, வண்டி. பூட்டான் முழுக்க மலைச்சாலை. லேண்ட் க்ரூஸர், பிராடோ மாதிரியான ஃபோர் வீல் டிரைவ் வண்டிகள் அங்கே அவசியம். இந்தியாவில் ‘ஆஃப்ரோடு’ ரசிகர்கள் தேடுவதும் அதே வண்டிகளைத்தான். இவற்றில் சில மாடல்கள் இந்தியாவில் அதிகாரப்பூர்வமாக விற்கப்பட்டதே இல்லை. கிடைக்காத பொருளுக்குத்தான் மவுசு ஜாஸ்தி.

சட்டப்படி கொண்டுவர முடியுமா?

முடியும், ஆனால் நிபந்தனைகள் கடுமை. பயன்படுத்திய வாகனங்களின் இறக்குமதிக்கு வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகம் வகுத்துள்ள விதிகளில் முக்கியமானவை இவை:

1. தயாரித்த தேதியில் இருந்து 3 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது.
2. ஸ்டியரிங் வலப்பக்கம் இருக்க வேண்டும். ஸ்பீடோமீட்டர் கிலோமீட்டரில் காட்ட வேண்டும். ஹெட்லைட் இடப்பக்கப் போக்குவரத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும்.
3. இறக்குமதியான நாளில் இருந்து குறைந்தது 5 ஆண்டுகள் சாலையில் ஓடத் தகுதி இருக்க வேண்டும். அந்தக் காலத்துக்கு இந்தியாவில் சர்வீஸ் வசதி கிடைக்கும் என்ற உறுதியும் வேண்டும்.
4. அனுப்பும் முன்பே தகுதிச் சோதனைச் சான்று வேண்டும். வந்த பிறகு மத்திய அரசு அங்கீகரித்த சோதனை மையத்தில், உதாரணமாக புனேயில் உள்ள ஏஆர்ஏஐ-யில், மோட்டார் வாகன விதிகளுக்குப் பொருந்துகிறதா என்று சோதிக்க வேண்டும்.
5. மும்பை துறைமுகச் சுங்கம் வழியாக மட்டுமே வர வேண்டும்.

ஐந்தாவது விதியை இன்னொரு முறை படியுங்கள். புதிய கார்களுக்கு சென்னை, கொல்கத்தா என்று பல வழிகள் உண்டு. பயன்படுத்திய காருக்கு மும்பை மட்டும்தான். கடலே இல்லாத பூட்டானில் இருந்து ஜெய்கான் வழியாக ஓட்டிக்கொண்டு வந்து, ‘வரி கட்டிடறேன், பதிவு பண்ணிக்கொடுங்க’ என்று கேட்க வழியே கிடையாது.

விதிவிலக்குகள் இருக்கிறதா? இருக்கிறது. குறைந்தது 2 ஆண்டுகள் தொடர்ந்து வெளிநாட்டில் வசித்துவிட்டு நிரந்தரமாகத் திரும்புபவர், அங்கே ஓர் ஆண்டாவது தன்னிடம் இருந்த காரைக் கொண்டுவருவது அவற்றில் ஒன்று. இவர்களுக்குச் சில நிபந்தனைகளில் தளர்வு உண்டு. ஆனால் வரியில் தளர்வு இல்லை. வீட்டுச் சாமான்களுக்குக் கிடைக்கும் பேக்கேஜ் சலுகை காருக்குப் பொருந்தாது.

சுற்றுலாப் பயணிகள் ‘கார்னெட்’ என்ற ஆவணத்தின் பேரில் தற்காலிகமாகக் காரைக் கொண்டுவரலாம். அது திரும்பிப் போகவேண்டிய கார். இங்கே விற்க முடியாது.

வரி எவ்வளவு வரும்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கப்பல் கட்டணம், இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து சுங்கத் துறை ஏற்கும் மதிப்பு 10 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

- அடிப்படைச் சுங்க வரி 70%: 7 லட்சம்
- வேளாண் உள்கட்டமைப்பு மேம்பாட்டு செஸ் 67.5%: 6.75 லட்சம்
- இதுவரை மொத்தம்: 23.75 லட்சம்
- அதன் மேல் ஐஜிஎஸ்டி 40%: 9.5 லட்சம்
- காரின் அடக்கம்: 33.25 லட்சம்

ஆக, 10 லட்ச ரூபாய் காருக்கு வரி மட்டும் 23.25 லட்சம். மாநிலச் சாலை வரி, சோதனைக் கட்டணம், ஏஜென்ட் செலவு எல்லாம் இதற்கு மேல்.

2025 பட்ஜெட்டில் பயன்படுத்திய காருக்கான சுங்க வரி 125-ல் இருந்து 70 சதவீதமாகக் குறைந்தது என்று தலைப்புச் செய்திகள் வந்தன. அது உண்மைதான். ஆனால் கூடவே புதிதாக 67.5% செஸ் வந்தது. முன்பு 125 சதவீதத்தோடு சமூக நலக் கூடுதல் வரியும் சேர்ந்து 137.5% ஆகும். இப்போது 70-ம் 67.5-ம் சேர்ந்தால் அதே 137.5%. குறைந்ததும் கூடியதும் சரியாப் போச்சு. 2025 செப்டம்பர் 22 முதல் அமலான ஜிஎஸ்டி மாற்றத்தில், பழைய 28% வரியும் அதன் மேல் இருந்த இழப்பீட்டு செஸ்ஸும் போய், பெரிய கார்களுக்கு ஒரே 40% வந்ததில்தான் கொஞ்சம் குறைந்தது.

இவ்வளவு வரி ஏன்? உள்நாட்டுக் கார் உற்பத்தியைப் பாதுகாப்பது ஒரு காரணம். வளர்ந்த நாடுகள் கழித்துப்போடும் பழைய, புகை கக்கும் கார்கள் இங்கே வந்து குவியாமல் தடுப்பது இன்னொரு காரணம். நியாயமான காரணங்கள்தான். ஆனால் வரி இவ்வளவு உயரமாக இருக்கும்போது, அதைத் தாண்டிக் குதிப்பவருக்குக் கிடைக்கும் லாபமும் அவ்வளவு பெரிதாகிவிடுகிறது. ஒரே ஒரு காரில் 20 லட்சத்துக்கு மேல் மிச்சம் என்றால், போலி ஆவணம் தயாரிக்கும் ‘தொழில்’ உருவாவதில் ஆச்சரியம் இல்லை.

பூட்டானுடன் வரியில்லா வர்த்தகம் இருக்கே?

பல புரோக்கர்கள் சொல்லும் வசனம் இது. இந்தியா - பூட்டான் இடையே வரியில்லா வர்த்தகத்துக்கான ஒப்பந்தம் இருப்பது உண்மை. 2016-ல் கையெழுத்தான தற்போதைய ஒப்பந்தம் 2017-ல் அமலுக்கு வந்தது. ஆனால் அது பூட்டானில் உற்பத்தியாகும் பொருட்களுக்கானது. ஜப்பானில் தயாராகி, பூட்டானில் நம்பர் பிளேட் மாட்டிய லேண்ட் க்ரூஸர் பூட்டான் தயாரிப்பு ஆகிவிடாது.

வரி ஒரு பக்கம் இருக்கட்டும். 3 ஆண்டு வரம்பும் மும்பை நிபந்தனையும் வேறு சட்டத்தில் இருந்து வருபவை. வரியே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் அந்தத் தடை அப்படியேதான் இருக்கும்.

இந்தியா, பூட்டான், வங்கதேசம், நேபாளம் இடையே வாகனங்கள் சுலபமாகப் போய்வர 2015-ல் திம்புவில் கையெழுத்தான ஒப்பந்தம் ஒன்று உண்டு. 2016-ல் பூட்டான் நாடாளுமன்றத்தின் மேலவை அதை நிராகரித்தது. அந்த ஒப்பந்தமும்கூட போய்வருவதற்குத்தான், இறக்குமதிக்கு அல்ல.

அப்படியென்றால் இந்தக் கார்களுக்கு ஆர்.சி எப்படிக் கிடைத்தது?

இந்த விவகாரத்தின் மையமே இதுதான்.

இந்தியாவில் ஒரு கார் முதன்முறையாகப் பதிவாகும்போது, அது எங்கிருந்து வந்தது என்று ஆர்டிஓ கேட்பார். இங்கே தயாரான கார் என்றால் ஷோரூம் தரும் படிவம் 21, அதாவது விற்பனைச் சான்று. இறக்குமதி என்றால் சுங்கத் துறை விடுவித்ததற்கான சான்று. இது மத்திய மோட்டார் வாகன விதி 47-ல் இருக்கிறது.

அதே விதியில் இன்னொரு வகையும் இருக்கிறது: முன்னாள் ராணுவ வாகனங்கள். ராணுவ வண்டிகள் நம்முடைய ஆர்டிஓ-வில் பதிவாவதில்லை. அம்புக்குறி போட்ட நம்பருடன் ராணுவத்தின் பதிவேட்டிலேயே இருக்கும். பழசான பிறகு ஏலத்தில் விற்கும்போது, ராணுவம் தரும் விற்பனைச் சான்றைக் காட்டி வாங்கியவர் ஆர்டிஓ-வில் பதிவு செய்வார். 15, 20 வயதான ஒரு வண்டி, எந்த முன்கதையும் இல்லாமல், திடீரென்று முதன்முறையாகப் பதிவேட்டில் பிறக்கும். இது சட்டப்படியே நடப்பது.

தூதரக வண்டிகளும் இப்படித்தான். தூதரகங்கள் வரிவிலக்குடன் வெளிநாட்டுக் கார்களைக் கொண்டுவரலாம். நீல நிற நம்பர் பிளேட்டில் ‘சிடி’ என்று பார்த்திருப்பீர்கள். அதைப் பிறகு இந்தியர் ஒருவருக்கு விற்கும்போது, வெளியுறவு அமைச்சகத்தின் அனுமதி, சுங்க வரி என்று முறைகளை முடித்துவிட்டு சாதாரணப் பதிவுக்கு மாற்ற வேண்டும்.

ராணுவம், தூதரகம், வெளியுறவு அமைச்சகம் என்று ஏன் குறிப்பாக இந்தப் பெயர்களில் போலி ஆவணங்கள் என்பது இப்போது புரிந்திருக்கும். பழைய வெளிநாட்டு வண்டி ஒன்று சந்தேகம் வராமல் பதிவேட்டுக்குள் நுழையக்கூடிய வாசல்கள் அவை. தொலைதூர மாநிலத்து ஆர்டிஓ அந்தக் காகிதத்தை வழங்கிய அலுவலகத்திடம் திரும்பக் கேட்டுச் சரிபார்க்கவில்லை என்றால், அல்லது சரிபார்க்க விரும்பவில்லை என்றால், வேலை முடிந்தது.

அதற்குப் பிறகு எல்லாமே ஒழுங்காக நடக்கும். அங்கிருந்து என்ஓசி வாங்கி, கேரளாவிலோ தமிழ்நாட்டிலோ மறுபதிவு செய்து, வரியும் கட்டிவிட்டால், இரண்டாவது ஆர்.சி அசல் அரசு ஆவணம். அதில் போலி எதுவும் இல்லை. அஸ்திவாரம்தான் போலி.

பதிவை வேறு மாநிலத்தில் வைத்து விளையாடுவது புதிதும் அல்ல. 2017-ல் கேரளாவில் பெரிய சர்ச்சையானது, புதுச்சேரி முகவரி காட்டி சொகுசு கார்களைப் பதிவு செய்து சாலை வரியைக் குறைத்த விவகாரம். அப்போது பொய் முகவரி. இப்போது குற்றச்சாட்டு, காரின் பிறப்பே பொய் என்பது.

டாக்ஸ் கட்டியாச்சு, இன்சூரன்ஸ் இருக்கு. கார் எப்படிப் பறிபோகும்?

ஆர்.சி என்பது இந்த வண்டியைச் சாலையில் ஓட்டலாம் என்பதற்கான பதிவுச் சான்று. சுங்க வரி கட்டப்பட்டது என்பதற்கான ரசீது அல்ல. ஆர்டிஓ-வும் சுங்கத் துறையும் வெவ்வேறு சட்டங்களின் கீழ் வேலை செய்பவை. ஒருவர் தவறுதலாகப் பதிவு செய்துகொடுத்தது இன்னொருவரைக் கட்டுப்படுத்தாது.

சுங்கச் சட்டத்தில் நடைமுறை இரண்டு கட்டமாகப் போகும். முதலில் பிரிவு 110-ன் கீழ் காரைக் கைப்பற்றுவார்கள். இதற்கு, முறைகேடாக வந்தது என்று நம்புவதற்குக் காரணம் இருந்தால் போதும். பொதுவாக 6 மாதங்களுக்குள் விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்ப வேண்டும். தேவைப்பட்டால் இன்னும் 6 மாதம் நீட்டிக்கலாம். விசாரணைக்குப் பிறகு குற்றச்சாட்டு உறுதியானால் நிரந்தரப் பறிமுதல். பத்திரிகைகளில் இரண்டையுமே ‘பறிமுதல்’ என்று எழுதிவிடுகிறோம். சட்டத்தில் இரண்டுக்கும் நிறைய தூரம்.

இடையில் பிரிவு 110ஏ-ன் கீழ், பத்திரமும் உத்தரவாதமும் கொடுத்துக் காரைத் தற்காலிகமாகத் திரும்பப் பெற விண்ணப்பிக்கலாம். பறிமுதல் உத்தரவு வந்தாலும், பிரிவு 125-ன் கீழ் அபராதமும் வரியும் கட்டி மீட்கும் வாய்ப்பை அதிகாரி தரலாம். இறக்குமதியே தடை செய்யப்பட்ட பொருள் என்றால் அந்த வாய்ப்பைத் தருவதும் மறுப்பதும் அதிகாரியின் முடிவு.

இன்னொரு பக்கம், போலி ஆவணத்தால் பெற்ற பதிவை மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 55-ன் கீழ் ரத்து செய்யலாம். பதிவு போனால் கார் வாசலில் நிற்கும் ஷோ பீஸ். விபத்து நடந்திருந்தால் இன்சூரன்ஸ் கிளெய்மும் சிக்கலாகும்.

எனக்கு எதுவும் தெரியாது என்றால்?

தெரியாமல் வாங்கியவருக்குச் சட்டம் ஓரளவு இடம் தருகிறது. பிரிவு 112-ன் கீழ் தண்டத்தொகை விதிக்க, அந்தப் பொருள் பறிமுதலுக்கு உரியது என்று வாங்கியவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அல்லது அப்படி நம்புவதற்குக் காரணம் இருந்திருக்க வேண்டும். நிஜமாகவே ஏமாந்தவர் என்றால் தண்டத்தொகையில் இருந்தும் வழக்கில் இருந்தும் தப்பிக்க வாய்ப்பு உண்டு. ஆனால் காரைப் பறிமுதல் செய்வது என்பது காரின் மீதான நடவடிக்கை. நீங்கள் நல்லவர் என்பதால் கார் நல்லதாகிவிடாது.

‘நம்புவதற்குக் காரணம்’ என்ற சொற்றொடரையும் கவனியுங்கள். சந்தை விலையில் பாதிக்கும் கீழே ஒருவர் விற்கும்போது, ஏன் இவ்வளவு குறைவு என்று நீங்கள் கேட்கவில்லையா என்று அதிகாரி கேட்பார். அந்த மலிவு விலையே உங்களுக்கு எதிரான சாட்சியாகலாம்.

வாங்கும் முன் என்ன பார்க்கணும்?

1. ஒரு கழித்தல் கணக்கு. ஆர்.சி-யில் தயாரிப்பு ஆண்டும், இந்தியாவில் முதல் பதிவுத் தேதியும் இருக்கும். 2006-ல் தயாரான வெளிநாட்டுக் கார் 2016-ல் முதல் பதிவு என்றால், 3 ஆண்டு வரம்பைத் தாண்டி எப்படி வந்தது என்பதற்கு விளக்கம் வேண்டும். ‘ஆர்மி ஏலம்’, ‘எம்பசி வண்டி’ என்று வாயால் சொன்னால் போதாது.

2. சேசிஸ் நம்பர். 17 இலக்க வின் எண்ணின் முதல் எழுத்துகள் எந்த நாட்டுத் தயாரிப்பு என்று சொல்லும். இந்தியத் தயாரிப்பு பெரும்பாலும் எம்ஏ முதல் எம்இ வரை ஆரம்பிக்கும். ‘ஜே’ என்றால் ஜப்பான், ‘டபிள்யூ’ என்றால் ஜெர்மனி. பிரிட்டனில் தயாரான லேண்ட் ரோவர் ‘எஸ்ஏஎல்’ என்று தொடங்கும். வண்டியில் பொறித்திருப்பதும் ஆர்.சி-யில் இருப்பதும் ஒன்றா என்று நேரில் பாருங்கள். ராவி எழுதிய அடையாளம் இருந்தால் அங்கேயே விட்டுவிடுங்கள்.

3. பில் ஆஃப் என்ட்ரி. இறக்குமதியான எந்தப் பொருளுக்கும் சுங்கத் துறையில் தாக்கல் செய்யும் ஆவணம் இது. எண், தேதி, துறைமுகம் மூன்றும் இருந்தால் சுங்கத் துறையின் ஐஸ்கேட் இணையதளத்தில் அதன் நிலையைப் பார்க்கலாம். அதில் உள்ள சேசிஸ் நம்பர் உங்கள் காருடையதுதானா என்று ஒப்பிடுங்கள். ‘தொலைஞ்சு போச்சு சார்’ என்றால் டீலையும் தொலைத்துவிடுங்கள்.

4. அந்த மாடல் இங்கே விற்றதா? கம்பெனியின் அதிகாரப்பூர்வ சர்வீஸ் சென்டரில் வின் எண்ணைக் கொடுத்து சர்வீஸ் வரலாறு கேளுங்கள். இந்தியாவில் பத்து வருஷம் ஓடியதாகச் சொல்லும் காருக்கு ஒரு சர்வீஸ் பதிவுகூட இல்லை என்றால் யோசிக்க வேண்டியதுதான்.

5. முதல் பதிவின் மூல ஆவணம். கடைசி ஆர்.சி-யைப் பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். முதன்முதலில் பதிவு செய்த ஆர்டிஓ-விடம் எந்த ஆவணத்தின் அடிப்படையில் பதிவானது என்று கேளுங்கள். பதிவின் நகலை விற்பவரே வாங்கித் தரட்டும். ராணுவ ஏலம் என்றால் படிவம் 21-ல் உள்ள பிரிவின் பெயரும் தேதியும் தெரிய வேண்டும்.

6. ஆப்பை மட்டும் நம்ப வேண்டாம். எம்பரிவாகன் ஆப்பில் விவரம் வருவது நல்லது, ஆனால் போதாது. பதிவே போலி ஆவணத்தின் மேல் நடந்திருந்தால் ஆப்பும் அதையேதான் காட்டும். பரிவாகன் தரவிலேயே கைவைத்திருக்கிறார்கள் என்பதும் கொச்சி சுங்கத் துறை சொன்ன குற்றச்சாட்டுகளில் ஒன்று.

7. விற்பவர் யார்? பழைய கார் விற்பனை செய்யும் டீலர்கள் பதிவு அதிகாரியிடம் அங்கீகாரச் சான்று பெற வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரல் முதல் அமலில் இருக்கிறது. அதைக் கேளுங்கள். பணத்தை வங்கி வழியாக மட்டும் கொடுங்கள். ‘பாதி கேஷ்’ என்றால், நாளை நீங்கள் கொடுத்த விலையை நிரூபிக்கவே முடியாது.

இன்னொரு செலவுக் கணக்கும் உண்டு. 15 ஆண்டு முடிந்த காரின் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 2025 ஆகஸ்டில் வந்த அறிவிப்பின்படி, 20 ஆண்டுகளைத் தாண்டிய சாதாரண காருக்கு அந்தக் கட்டணம் 10,000 ரூபாய். இறக்குமதிக் காருக்கு 80,000 ரூபாய்.

ஏற்கெனவே வாங்கிட்டேன், என்ன செய்றது?

முதல் விஷயம், அவசரப்பட்டு இன்னொருவர் தலையில் கட்டாதீர்கள். சந்தேகம் வந்த பிறகு விற்றால், ‘தெரியாமல் வாங்கியவர்’ என்ற உங்கள் ஒரே பாதுகாப்பும் போய்விடும்.

விற்பனை ஒப்பந்தம், வங்கிப் பரிமாற்றம், வாட்ஸ்அப் உரையாடல், அந்த விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். சுங்கத் துறை பிரிவு 108-ன் கீழ் சம்மன் அனுப்பினால் தவிர்க்காதீர்கள். சுங்க வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர் ஒருவரைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

பணத்தை விற்றவரிடம் திரும்பக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. 1930-ம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டப்படி, பொருளை விற்கும் உரிமை தனக்கு இருக்கிறது என்பதை விற்பவரே உறுதி செய்கிறார். அது பொய் என்றால் சிவில் வழக்கு போடலாம். டீலரிடம் வாங்கியிருந்தால் நுகர்வோர் ஆணையத்தையும் அணுகலாம். மோசடி நடந்திருந்தால் போலீஸ் புகார்: பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 318. ஆனால் விற்றவர் போனை எடுக்க வேண்டும், அவரிடம் சொத்தும் இருக்க வேண்டும். தீர்ப்பு கிடைப்பதைவிட அதுதான் கஷ்டம்.

நேபாளம், இலங்கை?

விதிகள் ஒன்றுதான். நேபாளத்துடனும் திறந்த எல்லை உண்டு. ஆனால் அங்கே கார் மீதான வரி நம்மூரைவிடக் கடுமை, விலையும் அதிகம். இலங்கையிலும் ஸ்டியரிங் வலப்பக்கம்தான். ஆனால் 2020-ல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பிப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. பழைய காரே அங்கே தங்கம் மாதிரி. இலங்கையில் இருக்கும் உறவினர் இந்தியாவுக்குக் குடிபெயர்ந்தாலும், காரை அங்கேயே விற்றுவிட்டு வருவதுதான் கணக்குக்குச் சரியாக வரும்.

இழப்பு யாருக்கு?

இந்த மாதிரி ஒரு காரின் பயணத்தைக் கொஞ்சம் பின்னோக்கிப் பாருங்கள். எல்லையில் கவனிக்கவில்லை. முதல் ஆர்டிஓ சரிபார்க்கவில்லை. இரண்டாவது மாநிலம் என்ஓசி-யை நம்பி வரி வாங்கிக்கொண்டது. இன்சூரன்ஸ் நிறுவனம் பிரீமியம் வாங்கிக்கொண்டது. டீலர் கமிஷன் எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு நிலையிலும் யாரோ ஒருவர் பணம் வாங்கினார். கார் கைப்பற்றப்படும் நாளில் வாசலில் நிற்பவர் கடைசியாக வாங்கியவர் மட்டும்தான்.

இதை அரசு சரிசெய்ய முடியாதா? முடியும். வெளிநாட்டுத் தயாரிப்பு வின் எண் கொண்ட எந்த வண்டியும், சுங்கத் துறையின் பில் ஆஃப் என்ட்ரியோடு கணினியில் பொருந்தினால்தான் பதிவாகும் என்று கட்டாயமாக்கலாம். ராணுவ ஏலச் சான்றுகளைக் காகிதத்தில் கொடுக்காமல், ஆர்டிஓ நேரடியாகச் சரிபார்க்கும்படி மின்னணு முறையில் கொடுக்கலாம். ‘வரி கட்டி இறக்குமதியானது’ என்ற ஒரு வரி எம்பரிவாகன் திரையில் தெரிந்தாலே பாதிப் பேர் தப்பித்துவிடுவார்கள். இவை பெரிய தொழில்நுட்பம் எதுவும் தேவைப்படாத வேலைகள்.

அதுவரைக்கும் அந்தச் சோதனையை நாமேதான் செய்ய வேண்டும். அடுத்த முறை அந்த மாதிரி ரீல் வந்தால், விலை கேட்பதற்கு முன்னால் பில் ஆஃப் என்ட்ரி எண் கேட்டு மெசேஜ் போட்டுப் பாருங்கள். எண் வந்தால் ஐஸ்கேட்டில் சரிபார்த்துவிட்டு மேற்கொண்டு பேசலாம். நம்மை பிளாக் பண்ணிவிட்டால், 15 லட்சம் மிச்சம்.